எல்லைக் கிராம மாணவரும் மடிக்கணினியும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து இல்லங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எந்தக் கல்லூரி என்பது முதற் கேள்வி. எந்த மடிக்கணினி என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்விக்கு ஆசிரியர்கள், உறவினர், அக்கம்பக்கத்தார் எனப் பலரும் ஆலோசனை கூறுகின்றனர். இரண்டாவது கேள்வியோ பெரும்பாலும் கடை விற்பனையாளரின் முடிவுக்கே விடப்படுகிறது. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அரை மணி நேரத்தில் கைமாறி விடுகிறது.

பால்மாடு வாங்கும் விவசாயி அதன் பல்லைப் பார்க்கிறார், ஈற்றைக் கேட்கிறார், கறந்து பார்க்கிறார். பாலராமபுரத்து நெசவாளி நூலை விரலால் நெருடிப் பார்த்தே வாங்குகிறார். உழைத்துப் பயன் தர வேண்டிய பொருளை ஆராய்ந்து வாங்கும் வழக்கம் இவ்வட்டார மக்களுக்குப் புதிதன்று. மடிக்கணினியும் அத்தகைய உழைக்கும் பொருளே. அதை அலங்காரப் பொருளாகவோ, பிறர் வைத்திருப்பதால் தானும் வைத்திருக்க வேண்டிய பொருளாகவோ கருதும்போதுதான் தவறு நேர்கிறது. படிக்கும் பாடத்திற்கு ஏற்றதா, படிப்பு முடியும்வரை உழைக்குமா, பழுதுபட்டால் அருகிலேயே சீராகுமா, மாணவரின் மொழியில் எழுத உதவுமா என்னும் நான்கு கேள்விகளை முன்வைத்து ஆராய்ந்தால் சரியான முடிவை எளிதில் எட்டலாம்.

எல்லையின் இரு பக்கமும்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே சீரமைக்கப்பட்டபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எனினும் எல்லைக்கோடு உறவுகளையோ சந்தைகளையோ பிரித்துவிடவில்லை. களியக்காவிளைச் சந்தைக்கும் மார்த்தாண்டத்துக் கடைவீதிக்கும் காரோடு, செங்கல், குளத்தூர் மக்கள் இன்றும் சென்று வருகின்றனர். மாணவர்களும் இரு திசைகளிலும் பயணம் செய்கின்றனர். ஒரு வீட்டில் மகள் தனுவச்சபுரத்திலோ திருவனந்தபுரத்திலோ பயில, மகன் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பயில்வதைக் காணலாம்.

மடிக்கணினி வாங்கும்போது இந்த எல்லை எங்கே குறுக்கிடுகிறது, எங்கே குறுக்கிடுவதில்லை என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

விலையில் அது குறுக்கிடுவதில்லை. மாநிலத்திற்கு மாநிலம் விற்பனை வரி வேறுபட்டிருந்த காலத்தில், எல்லை கடந்து சென்று வாங்கினால் வரி குறையும் என்ற எண்ணம் நிலவியது. 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அதற்கு இடமில்லை. மடிக்கணினிக்கு இரு மாநிலங்களிலும் வரி 18 விழுக்காடே. கடைக்காரர் தரும் தள்ளுபடியில் வேறுபாடு இருக்கலாம், வரியில் இல்லை. ஆகவே பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று எவரேனும் கூறினால் அதை ஏற்கலாகாது. பில் இல்லாத கணினிக்கு உத்தரவாதம் கோருவது கடினம். அது திருட்டுப் பொருள் அன்று என்பதற்கும் சான்று இராது.

நுகர்வோர் உரிமையிலும் எல்லை இப்போது தடையன்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். மார்த்தாண்டத்தில் வாங்கிய கணினியைப் பற்றிய வழக்கைப் பாறசாலைவாசி திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தில் தொடரலாம். அதற்கு முன் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துத் தீர்வு காணவும் முயலலாம். இவற்றுக்கெல்லாம் அடிப்படை, கணினியின் வரிசை எண் குறிக்கப்பட்ட பில்லே.

எல்லை உண்மையில் குறுக்கிடும் இடம் அரசு உதவித் திட்டங்கள். அதைப் பின்னர் காண்போம்.

பாடமே முதல் அளவுகோல்

எந்தக் கணினி சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்தப் பாடத்திற்கு என்று கேட்டால் மட்டுமே விடை கிடைக்கும்.

தமிழ், மலையாளம், வரலாறு, பொருளியல், வணிகவியல் போன்ற பாடங்களைப் பயில்வோர் கணினியில் செய்யும் வேலை பெரும்பாலும் எழுதுதல், படித்தல், அட்டவணை அமைத்தல், இணையத்தில் தேடுதல், காணொளிப் பாடம் பார்த்தல் ஆகியவையே. இவற்றுக்கு இன்டெல் கோர் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 வகையைச் சேர்ந்த அண்மைக் காலச் செயலியும், 8 ஜிபி ரேமும், 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகமும் போதும். இதற்கு மேல் செலவிடும் பணம் படிப்புக்குப் பயன்படாது.

கணினி அறிவியல், பொறியியல், புள்ளியியல் பயில்வோர் நிரல்களை எழுதி இயக்க வேண்டியுள்ளது; பல மென்பொருள்களை ஒரே நேரத்தில் திறந்து வைக்க வேண்டியுள்ளது. அவர்களுக்கு ஐ5 அல்லது ரைசன் 5 வகைச் செயலியும் 16 ஜிபி ரேமும் 512 ஜிபி சேமிப்பகமும் ஏற்றவை. கட்டடக்கலை, இயந்திர வடிவமைப்பு, அசைபடக் கலை ஆகியவற்றைப் பயில்வோருக்கே தனி வரைகலைச் செயலி தேவைப்படலாம். அத்தகைய கணினிகள் விலையும் எடையும் மிகுந்தவை. வெப்பத்தையும் மிகுதியாக வெளியிடுபவை.

பலதொழில்நுட்பக் கல்லூரி மாணவரும் தொழிற்பயிற்சி நிலைய மாணவரும் கல்லூரி ஆய்வகத்தில் எந்த மென்பொருள் உள்ளது என்று கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும். பொறியியல் வரைபட மென்பொருள்களுள் பல விண்டோஸில் மட்டுமே இயங்குபவை. அவற்றைப் பயில வேண்டியவர் வேறு இயங்குதளம் உடைய கணினியை வாங்கினால் இடர்ப்பட நேரும். அதே வேளையில் ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்கள் மாணவர்களுக்குத் தம் மென்பொருளைக் கட்டணமின்றி வழங்குகின்றன என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மென்பொருளுக்கு என்று கடையில் தனிப் பணம் கொடுக்குமுன் கல்லூரியில் கேட்பதே முறை.

எனவே கல்லூரி தொடங்குமுன் அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை. முதற் பருவத்தின் சில வாரங்கள் கழிந்தபின், ஆசிரியரிடமும் மூத்த மாணவரிடமும் கேட்டறிந்து வாங்குவோரே பெரும்பாலும் பணத்தைச் சரியாகச் செலவிடுகின்றனர்.

பெட்டியின் உள்ளே

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவன வேறு; மாணவர் பார்க்க வேண்டியன வேறு.

செயலியின் பெயர் மட்டும் போதாது. அது எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதும் தெரிய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முந்தைய ஐ5 செயலியை விட இன்றைய ஐ3 செயலி விரைவாக இயங்கக்கூடும்.

ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளதா, கழற்றி மாட்டும் வகையா என்று கேட்க வேண்டும். கழற்றி மாட்டும் வகையாயின் இன்று 8 ஜிபியுடன் வாங்கி, தேவை வரும்போது கூட்டிக்கொள்ளலாம். பற்றவைக்கப்பட்டதாயின் வாங்கிய அளவே இறுதிவரை. நினைவகச் சில்லுகளின் விலை 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் உயரத் தொடங்கியது; ஆதலால் இக்கேள்வி முன்னிலும் முக்கியமானது.

சேமிப்பகம் எஸ்எஸ்டி வகையாக இருத்தல் வேண்டும். மிகக் குறைந்த விலைக் கணினிகள் சிலவற்றில் இஎம்எம்சி என்னும் வகை உள்ளது. அது மெதுவாக இயங்குவது. பலகையோடு இணைந்திருப்பதால் பின்னர் மாற்றவும் இயலாது.

திரை 14 அங்குலமா 15.6 அங்குலமா என்பது பயணத்தைப் பொறுத்தது. பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்தில் இறங்கி, மீண்டும் பேருந்தில் செல்லும் மாணவி நாள்தோறும் அதைத் தோளில் சுமக்கிறாள். ஒன்றரைக் கிலோவுக்கும் இரண்டரைக் கிலோவுக்கும் உள்ள வேறுபாடு மூன்றாம் மாதத்தில்தான் தெரியும். விடுதியில் தங்குவோருக்குப் பெரிய திரை வசதியாக இருக்கலாம்.

மின்கலத்தின் திறன் வாட்-மணி என்ற அளவில் குறிக்கப்படுகிறது. 50 வாட்-மணி மின்கலம் உடைய கணினி சராசரியாக 10 வாட் செலவிட்டால் 5 மணி நேரம் இயங்கும். விளம்பரத்தில் கூறப்படும் மணிக்கணக்கை விட இந்தக் கணக்கு நம்பத்தக்கது. மின்கலம் ஆண்டுதோறும் தேய்வது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். படிப்பின் நடுவில் ஒருமுறை அதை மாற்றும் செலவு பெரும்பாலும் வரும்.

விலையும் ஆயுளும்

கேரளத்துக் கலை-அறிவியல் கல்லூரிகளில் 2024 ஜூலையில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டப் படிப்பு தொடங்கப்பட்டது. மூன்றாம் ஆண்டின் இறுதியில் பட்டத்துடன் வெளியேறவும் அதில் வழியுண்டு. பொறியியற் படிப்பு முன்னரே நான்கு ஆண்டு. ஆகவே மாணவர் வாங்கும் கணினி நான்கு ஆண்டு உழைக்க வேண்டும் என்பதை அளவாகக் கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 40,000 ரூபாய்க்கு வாங்கிய கணினி நான்கு ஆண்டு உழைத்தால் மாதச் செலவு ஏறத்தாழ 833 ரூபாய். 25,000 ரூபாய்க்கு வாங்கியது ஒன்றரை ஆண்டில் பயனற்றுப் போனால் மாதச் செலவு ஏறத்தாழ 1,389 ரூபாய். அதன்மேல் நடுவில் இன்னொன்று வாங்கும் சுமையும் சேரும். குறைந்த விலை எப்போதும் சிக்கனம் ஆகாது. அதுபோலவே 80,000 ரூபாய்க் கணினி நான்கு ஆண்டில் இருமடங்கு கல்வி தந்துவிடாது. தேவைக்கு ஏற்றவற்றுள் உறுதியானதைத் தேர்ந்து, விலையில் பத்தில் ஒரு பங்கையாவது பின்னர் வரும் மின்கல மாற்றத்திற்கும் பழுதுபார்ப்புக்கும் ஒதுக்கி வைப்பதே குடும்ப வரவுசெலவுக்கு உகந்தது.

தவணை முறையில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டியில்லாத் தவணை என்று கூறப்படும் பலவற்றில், ரொக்கமாக வாங்குவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடி கிடைப்பதில்லை. செயல்முறைக் கட்டணமும் சேர்கிறது. ரொக்க விலை எவ்வளவு, தவணைகளின் மொத்தத் தொகை எவ்வளவு என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டால் உண்மை வட்டி வெளிப்பட்டுவிடும்.

பயன்படுத்திய கணினி

அலுவலகங்களில் பயன்படுத்தப்பட்டு, சீர் செய்யப்பட்டு விற்பனைக்கு வரும் கணினிகளை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. அவை உறுதியான அமைப்பு உடையவை. பாகங்களை மாற்றுவதும் எளிது. ஆனால் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளிக்கப்பட்ட பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க, இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருத்தல் வேண்டும். அதற்கு முந்தைய கணினிகள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளத் தெரிந்தவருக்கு அவையும் பயன்படும். தெரியாதவர் தவிர்ப்பது நலம்.

பயன்படுத்திய கணினியை வாங்குமுன் மின்கலம் எத்தனை மணி நேரம் நிற்கிறது, திரையின் கீல் இறுக்கமாக உள்ளதா, எல்லா விசைகளும் இயங்குகின்றனவா, கடவுச்சொற் பூட்டு எதுவும் எஞ்சியுள்ளதா என்று இயக்கிப் பார்க்க வேண்டும். விற்பவரின் பில்லும் சில மாத உத்தரவாதமும் இல்லாவிடில் விலை எவ்வளவு குறைவாயினும் வாங்கலாகாது.

உதவி எங்கே கிடைக்கும்?

எல்லைக் கிராமத்து மாணவர் மிகுதியும் குழம்புவது இங்கேதான். தாய்மொழி தமிழ் என்பதால் தமிழ்நாட்டு அரசின் திட்டங்கள் தமக்கும் உரியவை என்று சிலர் எண்ணுகின்றனர். திட்டங்கள் மொழியைப் பார்ப்பதில்லை. பயின்ற பள்ளியையும் பயிலும் கல்லூரியையும் வசிக்கும் ஊரையுமே பார்க்கின்றன.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் அரசு உதவி பெறும் நிறுவனங்களின் மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் அது நின்றது. 2025-26ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினிக் கருவி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு, முதற் கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எல்லை கடந்து தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்பவர், தம் கல்லூரியும் தம் படிப்பும் அத்தகைய பட்டியலில் உள்ளனவா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே சொந்தப் பணத்தைச் செலவிட வேண்டும். மாதந்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கோ, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை வகுக்கப்பட்டது. கேரளப் பள்ளியில் தமிழ்வழி பயின்ற மாணவர் இந்த வரம்புக்குள் வருவதில்லை.

கேரளத்தில் வாய்ப்பு ஊராட்சி அலுவலகத்திலேயே தொடங்குகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கும் மீனவக் குடும்ப மாணவர்களுக்கும் மடிக்கணினி வழங்கும் பணி கேரளத்துக் கிராம ஊராட்சிகளும் நகராட்சிகளும் தம் ஆண்டுத் திட்டத்தில் எடுத்துக்கொள்ளும் பணிகளுள் ஒன்று. பயனாளிகளின் பட்டியல் கிராமசபையின் வழியே உருவாகிறது. கிராமசபைக் கூட்டத்திற்குச் செல்லாத குடும்பம், விண்ணப்ப அறிவிப்பு வந்ததே தெரியாமல் கடன் வாங்கிக் கணினி வாங்குகிறது. பொழியூர்க் கடற்கரையில் வாழும் மீனவர் குடும்பமும் செங்கல் வயல்வெளியில் வாழும் தொழிலாளர் குடும்பமும் கிராமசபைக்குச் செல்லும் அரை நாள், பல ஆயிரம் ரூபாயைச் சேமித்துத் தரக்கூடும். மலையாளத்தில் எழுத இயலாதவர் இதற்காகத் தயங்க வேண்டியதில்லை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வகை செய்துள்ளது.

கொரோனாக் காலத்தில், 2020 ஜூன் 1ஆம் நாள் முதல் கேரளப் பள்ளிப் பாடங்கள் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே ஒளிபரப்பாயின. அப்போதுதான் வீட்டில் ஒரு கருவி இருப்பதும் இல்லாதிருப்பதும் எத்தனை வேற்றுமையை உண்டாக்கும் என்பதை எல்லோரும் கண்டனர். அதன் விளைவாக, குடும்பஸ்ரீயும் கேரள மாநில நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யும் இணைந்து வித்யாஸ்ரீ என்னும் சீட்டுத் திட்டத்தை நடத்தின. மாதம் 500 ரூபாய் வீதம் 30 மாதம் செலுத்தி மடிக்கணினி பெறுவது அதன் அமைப்பு. அத்திட்டம் கற்பித்த சிக்கனப் பாடம் இன்றும் பயன்படும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் தாய் தம் அயல்கூட்டத்திலோ நம்பகமான சீட்டிலோ மாதம் 1,000 ரூபாய் சேர்க்கத் தொடங்கினால், பிள்ளை கல்லூரியில் சேரும்போது 24,000 ரூபாய் கையில் இருக்கும். மீதித் தொகையே கடனாகும்.

கல்விக் கடன் பெறுவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையானால் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவும் சேர்க்கப்பட்டுள்ளது. கடன் விண்ணப்பத்தில் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் எழுதிவிட்டு, கணினிக்காகத் தனியாக நகையை அடகு வைப்போர் பலர். விண்ணப்பிக்கும்போதே கணினியின் விலைப்புள்ளியையும் இணைத்துக் கொடுத்தால் அந்தச் சுமை குறையும்.

பழுது பார்க்கும் இடம்

கணினிக்கு வழக்கமாக ஓராண்டு உத்தரவாதம் உண்டு. தயாரிப்புக் குறைகளுக்கே அது பொருந்தும். கீழே விழுந்து உடைந்தாலோ தண்ணீர் பட்டாலோ பொருந்தாது. அவற்றுக்குத் தனிக் காப்பீடு வாங்க வேண்டும். நாள்தோறும் ரயிலிலும் பேருந்திலும் செல்லும் மாணவருக்கு இது வீண் செலவன்று.

வாங்கவிருக்கும் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையம் எங்கே உள்ளது என்பதை வாங்குமுன் கேட்க வேண்டும். திருவனந்தபுரத்திலா, நாகர்கோவிலிலா, அல்லது கொச்சிக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டுமா? பணியாளர் வீட்டிற்கு வந்து பழுது பார்ப்பாரா, கணினியை எடுத்துச் செல்ல வேண்டுமா? கல்லூரி நாகர்கோவிலிலும் சேவை மையம் திருவனந்தபுரத்திலும் இருந்தால், ஒவ்வொரு பழுதும் ஒரு நாள் வகுப்பை இழக்கச் செய்யும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட வழியில் சேவை மையம் உள்ள நிறுவனத்தைத் தேர்தல் எல்லை மாணவருக்கு ஏற்ற எளிய விதி. வாங்கிய அன்றே நிறுவனத்தின் இணையதளத்தில் வரிசை எண்ணைப் பதிந்து, உத்தரவாதம் எந்த நாளில் தொடங்குகிறது என்று சரிபார்க்க வேண்டும். கடையில் நெடுநாள் கிடந்த கணினியாயின் உத்தரவாத நாள் முன்னரே தொடங்கியிருக்கக் கூடும். பில்லைக் காட்டி அதைத் திருத்திக்கொள்ள இயலும்.

இரு மொழிக்கும் ஒரே விசைமுறை

எல்லைக் கிராமத்துத் தமிழ் மாணவர் மூன்று மொழிகளில் எழுத வேண்டியவர். வீட்டிலும் பள்ளியிலும் தமிழ்; ஊராட்சி அலுவலகத்திலும் கல்லூரி நண்பரிடத்தும் மலையாளம்; பாடநூலில் ஆங்கிலம். அவர் வாங்கும் கணினி இம்மூன்றுக்கும் இடம் தர வேண்டும். நல்ல செய்தி யாதெனில், இதற்குத் தனி மென்பொருள் எதுவும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒருங்குறி முறையில் தமிழும் மலையாளமும் எழுதுவதற்கான விசைமுறைகள் விண்டோஸிலும் லினக்ஸிலும் கட்டணமின்றியே உள்ளன.

தமிழில் மட்டும் விரைவாக எழுத விரும்புவோருக்கு, 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைமுறை சிறந்தது. தமிழும் மலையாளமும் ஒருங்கே எழுத வேண்டியவருக்கோ இன்ஸ்கிரிப்ட் முறை பெரிதும் உதவும். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட அம்முறையில், ஒரே ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஒரே விசை. தமிழில் ‘க’ எழுதும் விசையே மலையாளத்திலும் ககரத்தை எழுதும். ஒரு மொழிக்கு விரல் பழகினால் மறு மொழிக்கும் பெரும்பாலும் பழகியதாகிவிடும். கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடம் பயின்ற மாணவருக்கு இம்முறை அறிமுகமானதே.

அம்மாணவருக்கு மற்றொரு நன்மையும் உண்டு. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், அதன் தொடர்ச்சியாக 2017இல் அமைந்த கைட் நிறுவனமும் கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயிற்றுவித்து வந்துள்ளன. லினக்ஸ் இயங்குதளமும், லிப்ரே ஆபீஸ் எழுது மென்பொருளும், ஜிம்ப் படத்தொகுப்பு மென்பொருளும், ஜியோஜீப்ரா கணித மென்பொருளும் இவ்வட்டார மாணவருக்குப் புதியவை அல்ல. கலைப் பாடம் பயில்வோர் விண்டோஸ் இல்லாத கணினியைச் சற்றுக் குறைந்த விலையில் வாங்கி, பள்ளியில் பழகிய மென்பொருளையே நிறுவிப் பயன்படுத்தலாம். கள்ளப் பிரதி மென்பொருளை நிறுவித் தருவதாகக் கடையில் கூறினால் மறுத்துவிட வேண்டும். அதனோடு நச்சு நிரலும் வந்து சேர்வதுண்டு.

மழையும் மின்னலும்

ஏப்ரல், மே மாதங்களின் கோடை மழையிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களின் துலாவர்ஷத்திலும் பிற்பகலில் இடியும் மின்னலும் இவ்வட்டாரத்தில் மிகுதி. இடி கேட்டதும் மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். விசைமாற்றியை அணைப்பது மட்டும் போதாது. வீட்டின் நிலத்தொடர்பு சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். கடலோரச் சிற்றூர்களில் உப்புக் காற்று உலோக இணைப்புகளை அரிக்கும். கணினியைப் பயன்படுத்தாத நேரத்தில் பைக்குள் வைத்தல் வேண்டும். மெத்தைமேல் வைத்து இயக்கினால் காற்றுத்துளை அடைபட்டு வெப்பம் ஏறும். ஒரு மரப்பலகை போதும், அதைத் தவிர்க்க.

எழுதிய பாடங்களையும் திட்டக் கட்டுரைகளையும் வேறோர் இடத்திலும் சேமித்து வைத்தல் இன்றியமையாதது. கணினி பழுதானால் மீண்டும் வாங்கலாம்; இழந்த கட்டுரையை வாங்க இயலாது. கணினி பயன் முடிந்தபின் அதைக் குப்பையில் எறியலாகாது. 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள், பழைய கருவிகளை மறுசுழற்சிக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளருக்கு உரியதாக்கியுள்ளன. வீசியெறியப்பட்ட மின்கலம் தீப்பற்றக்கூடியது.

குடும்பத்தின் முதலீடு

பனையேறியும், கைத்தறி நெய்தும், ரப்பர் பால் வெட்டியும், கட்டுமரம் ஏறியும் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர் பலர் இக்கிராமங்களில் உள்ளனர். அவர்தம் இல்லத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவர் கையில் கணினி வந்து சேர்வது சிறிய செய்தி அன்று. நூலகம் தொலைவில் உள்ள ஊரில் அது நூலகம். தேர்வு விண்ணப்பத்திற்கும் உதவித்தொகைக்கும் அது அலுவலகம். படிப்பு முடிந்தபின் வேலை தேடும் வழியும் அதுவே. அதைத் தவறாகத் தேர்ந்து, கடன் தீருமுன் கணினி ஓய்ந்துவிட்டால், அந்த வீட்டின் அடுத்த பிள்ளையின் படிப்பே பின்தள்ளப்படும்.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் வீட்டில் ஒரு தாளை எடுத்து, பாடம் எது, அதற்குத் தேவை எது, கிடைக்கக்கூடிய உதவி எது, சேவை மையம் எங்கே, மொத்தச் செலவு எவ்வளவு என்று ஐந்து வரிகள் எழுத வேண்டும். மாணவரே எழுதி, பெற்றோருக்குப் படித்துக் காட்டட்டும். அந்த ஐந்து வரிகளையும் நிரப்பிவிட்ட குடும்பத்திற்கு, கடைக்காரர் எதைக் காட்டினாலும் எதைக் கேட்க வேண்டும், எதை மறுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.